எலி செத்த ஏர்கோன்

ஏர்கோன் திருகைத் திருப்பியதும் காருக்குள் முதலில் காற்று வந்தது. அடுத்துக் குளிர் வந்தது. அதற்குப் பின்னால் கிளேபாங் கடற்கரை மொத்தமும் வந்தது.

"என்னங்க இது?" சிவகாமசுந்தரி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "உள்ள ஏதோ செத்துக் கிடக்குது!"

சேதுபதி சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எலியா இருக்கும்," என்றார்.

எலி இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அது சிஞ்சாலோக். பொடி இறாலை உப்பும் சோறும் சேர்த்துப் பாட்டிலில் அடைத்துப் புளிக்க வைப்பார்கள். கிளேபாங்கில் வாசலுக்கு வாசல் விற்கும். காஜா பேராங்கில் லாரி கம்பெனி நடத்துபவரும், திருநீற்றுப் பட்டை இல்லாமல் வாசல் தாண்டாதவரும், சைவ சபையின் பொருளாளருமான சேதுபதி, வாரம் ஒருமுறை "டயர் பார்த்துட்டு வர்றேன்" என்று கிளம்புவார். கடற்கரையோரம் காரை நிறுத்துவார். யாரும் பார்த்துவிடாமல் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, சுடுசோற்றில் சிஞ்சாலோக்கும் சின்ன வெங்காயமும் பிசைந்து சாப்பிடுவார். கார் வாங்கியதே அதற்குத்தான் என்று சொல்லிவிட முடியாது. ஏர்கோன் வாங்கியது அதற்குத்தான். கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு மலாக்கா வெயிலில் வேறு எப்படித்தான் சாப்பிடுவது?

மெர்டேக்கா என்னும் சுதந்திரம் கிடைத்து ஐந்து வருடம் ஆகியிருந்த நேரம். ஏர்கோன் வைத்த கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எல்லாமே சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரே மாதிரிப் பெட்டி. டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கும். பெட்டிக்கு மேலே ஒரு பாட்டில் படுக்கும் அளவுக்கு இடைவெளி உண்டு. மிச்சமான சிஞ்சாலோக்கை வீட்டுக்குள் கொண்டுபோக முடியாத சேதுபதி அதை அங்கே படுக்க வைத்தார். வெயிலில் சரக்கு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு, பெட்டிக்குள் இறங்கிவிட்டது.

வேறு நாளாக இருந்தால் காரை எங்காவது நிறுத்திவிட்டு நடந்து போயிருப்பார். ஆனால் வரும் ஞாயிற்றுக்கிழமை மூவாரிலிருந்து ஜெயாவைப் பெண் கேட்டு வருகிறார்கள்.

ஜெயா அவருடைய ஒரே மகள், ஆசிரியை. மூவார் கலியாணசுந்தரத்தின் மகன் தியாகுவும் அதே பள்ளியில் ஆசிரியர். இருவருக்கும் பிடித்துப் போயிற்று. மாப்பிள்ளை வீட்டில் நகை கேட்கவில்லை, ஜாதகம் கேட்கவில்லை. சுத்த சைவக் குடும்பமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கலியாணசுந்தரம் பிறர் வீட்டில் தண்ணீர் குடிப்பதற்கு முன் அந்தச் செம்பின் பூர்வீகத்தை விசாரிப்பார் என்று ஊரில் பேச்சு.

"அது ஒண்ணுதானேப்பா கேக்குறாங்க? அதுல நமக்கு என்ன பயம்?" என்று ஜெயா சிரித்தாள். மகள் முகத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை அவர் பார்த்ததே இல்லை.

"அவங்க காரு வொர்க்‌ஷாப்ல இருக்காம், பஸ்லதான் வர்றாங்க," என்றாள் சிவகாமசுந்தரி. "நம்ம ஏர்கோன் கார்ல வந்து கூட்டிட்டுப் போறோம்னு சொல்லிட்டேன். சம்பந்தியம்மாவுக்கு வெயில் ஆகாதாம்."

"ஏர்கோன் எதுக்கு? கண்ணாடியை இறக்கிவிட்டா கடல் காத்து..."

"இப்ப வர்ற கடல் காத்து போதாதா? முதல்ல அந்த எலியை எடுங்க."

இல்லாத எலியை எடுக்க முடியாது. ஆனால் ஒரு உயிர் போன காரில் நல்ல காரியத்துக்குப் போகக்கூடாது என்று சிவகாமசுந்தரியே தணலில் சாம்பிராணி போட்டுக் காருக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். திறந்தபோது கோயில் மடப்பள்ளியில் யாரோ இறால் வதக்குவது போல இருந்தது.

லாரி ஓட்டுநர் பொன்னுதுரை வந்து எட்டிப் பார்த்தான். ஒருமுறை மோந்தான். மறுபடியும் மோந்தான்.

"எலின்னீங்க முதலாளி?"

"ஆமா."

"கடல் எலியா?"

"உன் வேலையைப் பாருடா."

"வாசனைக்குச் சோத்துல போடுற பாண்டான் இலையைக் கட்டிப் போடுங்க முதலாளி, எல்லா நாத்தமும் போயிடும்," என்று சொல்லிவிட்டுப் பொன்னுதுரை போனான்.

சேதுபதி ஒரு கட்டுப் பாண்டான் இலையைப் பெட்டிக்கு முன்னால் தொங்கவிட்டு ஏர்கோனைப் போட்டார். நாற்றம் போகவில்லை. பாண்டானும் சிஞ்சாலோக்கும் சேர்ந்து யாரோ உள்ளே நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் பிரித்த மாதிரி மணத்தது. சேதுபதிக்குப் பசி எடுத்தது. அது அவரை இன்னும் பயமுறுத்தியது.

காப்பித் தூள் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும் என்று எப்போதோ யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. அரை டின் தூளைப் பெட்டிக்குள் கொட்டினார். விஷயம் தெரியாத சிவகாமசுந்தரி, எலி போயிற்றா என்று பார்க்க உள்ளே உட்கார்ந்து திருகைத் திருப்பினாள். சலவைக்குப் போய்வந்த வெளிர்மஞ்சள் சேலையோடு உள்ளே போனவள் வறுத்த நிறத்தில் வெளியே வந்தாள். ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குள் போனாள். இருபத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் அவள் ஒன்றும் சொல்லாமல் போனது அதுதான் முதல் தடவை.

கடைசியாக, லாரி கழுவும் குழாயைப் பெட்டிக்குள் விட்டுத் தண்ணீரைத் திறந்தார். காப்பி வந்தது, இரண்டு மூன்று இறால் வந்தது. அவற்றை அவசரமாகக் காலால் சாக்கடையில் தள்ளினார். பிறகு திருகைத் திருப்பியதும் உள்ளிருக்கும் விசிறி ஒருமுறை முனகியது. அதோடு சரி. இப்போது குளிரும் இல்லை, காற்றும் இல்லை. வாடை மட்டும் யாருடைய உதவியும் இல்லாமல் தானாக வந்துகொண்டிருந்தது.

வேறு வழியில்லாமல் யூனுஸிடம் காரைக் கொண்டுபோனார். மூவாரிலிருந்து தம்பின் வரைக்கும் ஏர்கோன் வேலை தெரிந்த மெக்கானிக் யூனுஸ் ஒருவர்தான். அவர் காருக்குள் தலையை விட்டார், உடனே எடுத்தார்.

"அலாமாக்! என்ன முதலாளி இது?"

"எலி."

யூனுஸ் சேதுபதியின் திருநீற்றைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். "சரி. எலின்னா எலிதான்," என்றார். வாடிக்கைக்காரர்களிடம் அதிகம் விசாரிக்காததால்தான் அவர் தொழில் நன்றாக ஓடியது.

"கழுவிக் கொடுத்துடலாமா யூனுஸ் பாய்?"

"கழுவலாம். ஆனா மோட்டார் போச்சு. அதைச் சரி பண்ண ஞாயித்துக்கிழமைக்குள்ள சான்ஸே இல்ல. அவசரம்னா பெட்டியையே மாத்தணும். புதுசுக்குச் சிங்கப்பூருக்குச் சொல்லிவிட்டா ரெண்டு மாசம் ஆகும்."

"பொண்ணு கல்யாணம் பாய்!" சேதுபதி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏதாவது ஒரு பெட்டியை மாட்டி விடுங்க. உங்களுக்குப் புண்ணியமா போகும்."

யூனுஸ் தாடியைச் சொறிந்தார். "இதே மாதிரி ஒரு பெட்டி கையில கிடக்கு. சோப்புப் போட்டுக் கழுவி வெச்சிருக்கேன். நல்லா ஓடும். உங்க பெட்டியை இங்க விட்டுட்டு அதை எடுத்துக்குங்க."

யாருடைய பெட்டி என்று சேதுபதி கேட்கவில்லை. கேட்டால் யூனுஸ் பதிலுக்கு எலியைப் பற்றிக் கேட்டுவிடலாம். மாட்டி முடித்ததும் முகத்தை அதன் வாயருகே கொண்டுபோய் இழுத்து மோந்தார். சோப்பு வாசனை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிறன்று பஸ் ஸ்டாண்டில் மூவார் குடும்பம் வந்து இறங்கியது. கலியாணசுந்தரத்தின் திருநீறு சேதுபதியுடையதைவிட அரை விரல் அகலம் அதிகம். அவர் முன் இருக்கையில் ஏறினார். அவர் மனைவி கமலவேணியும் சிவகாமசுந்தரியும் தியாகுவும் பின்னால் ஏறினார்கள். முதலில் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தார்கள். அதுவரை எல்லாம் நல்லபடியாகவே நடந்தது.

"குளிர் சுகமா இருக்குதுங்க," என்றார் கமலவேணி.

"புதுப் பெட்டி," என்றார் சேதுபதி பெருமையோடு.

காஜா பேராங் சாலைக்குத் திரும்பியதும், முன்னால் போன மாட்டு வண்டியால் கார் ஊர்ந்தது. பெட்டியில் ஈரம் கோத்துச் சொட்ட ஆரம்பித்தது. சோப்பு வாசனை மெல்ல விலகியது. அதற்குப் பின்னால் ஒளிந்திருந்தது வெளியே வந்தது.

கிளேபாங் கடற்கரை.

சேதுபதி மாட்டு வண்டிக்கு விடாமல் ஹார்ன் அடித்தார். வாசலில் பட்டுச் சேலை கட்டி நின்றுகொண்டிருக்கும் ஜெயாவின் முகம் கண்முன் வந்தது. ஒரு சோற்றுப் பருக்கைக்காக மகளின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமே என்று நினைத்தார். பக்கத்தில் கலியாணசுந்தரத்துக்கு, அந்தக் குளிரிலும், திருநீறு வியர்வையில் கரைந்து வழிந்தது.

"என்னங்க, இது நம்ம..." என்று கமலவேணி தொடங்கினார்.

"எலி!" என்று கத்தினார் கலியாணசுந்தரம். "எலிதான்! இந்த ஏர்கோன் பெட்டின்னாலே எலி வந்து படுத்துக்கும். குளிரு பாரு, அதுக்கு. நல்ல குடும்பத்துக் கார்லயும் எலி சாகத்தான் செய்யும். அதை யாரும் தப்பா எடுத்துக்கக் கூடாது!"

கார் ஓட்டிக்கொண்டிருந்ததால் சேதுபதி அவர் காலில் விழவில்லை.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. கலியாணசுந்தரம் செம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாழை இலையில் அவியலும் பாயசமும் சாப்பிட்டுவிட்டு, "இப்படி ஒரு சைவக் குடும்பம் அமையக் கொடுத்து வெச்சிருக்கணும்," என்று தாம்பூலம் மாற்றிக்கொண்டார். ஜெயா அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். சேதுபதியும் அழுதார். இனிச் செத்தாலும் சிஞ்சாலோக் பக்கம் போவதில்லை என்று மனதுக்குள் சத்தியம் செய்தார். அன்று ராத்திரி வரை அந்தச் சத்தியம் மிக உறுதியாக இருந்தது.

மறுநாள் காலை கோபம் வந்தது. நேராக யூனுஸின் வொர்க்‌ஷாப்புக்குப் போனார்.

"ஏன் பாய், நல்லவர்னு நம்பி வந்தா இப்படியா பண்ணுவீங்க? என் பெட்டியையே கழுவி எனக்கே மாட்டிட்டீங்களே! அந்த மனுஷன் தங்கமானவரா இருக்கப் போயி என் பொண்ணு கல்யாணம் பொழச்சுது!"

யூனுஸ் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"அல்லாஹ் மேல சத்தியமா உங்க பெட்டி இங்க இல்ல முதலாளி. மோட்டாரைச் சரி பண்ணி, காலையிலதான் மூவார் கலியாணசுந்தரம் ஐயா கார்ல மாட்டி அனுப்பினேன். அவரு கார்ல கழட்டுனதைத்தான் உங்களுக்குப் போட்டேன். அதுலயும் எலிதான் செத்துச்சாம்."