வீட்டுக்கு ஒரு கார்டு

"நீயே வேலைக்குப் போ மோகனா. நான் வீட்டைப் பாத்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை பூவரசன் இப்படிப் பெருந்தன்மையாகச் சொன்னான். சொல்லும்போதே அது பொய் என்று அவனுக்குத் தெரியும்.

இருவருக்கும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனி. அவன் கட்டிங், அவள் தையல். ஆர்டர் கம்மியாம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலை பார்த்தால் இனி ஒருவருக்குத்தான் வேலை. யாருக்கு என்று சொல்ல முதலாளிக்கு வாய் வரவில்லை. கேட்டில் கார்டு வைத்தால் சுற்றி வழிவிடுகிற மூன்று கம்பி மெஷினிடம் விட்டுவிட்டார். திங்கட்கிழமை ஜோடியில் எந்தக் கார்டு முதலில் வருகிறதோ அதற்குக் கம்பி சுற்றும். இன்னொரு கார்டு அதோடு செத்தது.

"நெஜமாவா மாமா?"

"சத்தியமா. சோறு வடிப்பேன், துணி தொவைப்பேன்."

"பேச்சு மாற மாட்டியே?"

"இன்னாடி, என்மேல நம்பிக்கை இல்லியா?"

"உன்ன எனக்குத் தெரியாதா மாமா?" என்று சிரித்தாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான் மடையன்.

காலையில் அவள் குளிக்கப் போனதும், தன் போட்டோ தெரிகிற கார்டுப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கம்பி நீட்டினான். மனசு உறுத்தியது. ஷேர் ஆட்டோ கிடைக்கும்வரை உறுத்தியது.

கேட்டில் ஒரே தள்ளுமுள்ளு. ஒரு ஜோடி மட்டும் யார் போவது என்று தெரியாமல் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தது. அவர்களை இடித்துக்கொண்டு முன்னால் போய் கார்டை வைத்தான்.

பச்சை விளக்கு. திரையில் பெயர் வந்தது: மோகனா, தையல்.

"சார், மெஷின் தப்பா காட்டுது!"

செக்யூரிட்டி சுந்தரமூர்த்தி எட்டிப் பார்த்தார். "சரியாத்தான் காட்டுது. இது மோகனா கார்டு."

"போட்டோ என்னுது சார்!"

"போட்டோ வெறும் காயிதம்யா. பின்னால சொருகியிருக்கற வெள்ளை அட்டைதான் கார்டு. யாரோ மாத்திச் சொருகிட்டாங்க."

அந்த யாரோ ஈரத் தலையோடு அவன் பின்னாலேயே நின்றிருந்தாள்.

"அடிப்பாவி! என் அட்டை எங்க?"

"என் பையில."

"நான் பேசினபடி வீட்லயே இருந்திருந்தா?"

"நான் வந்து இந்தப் பையில இருக்கற உன் அட்டையத்தான் காட்டியிருப்பேன். வேலை உனக்கு."

மோகனா பூவரசனைத் தாண்டி, கம்பியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"ஓரமா நில்லுய்யா," என்றார் சுந்தரமூர்த்தி. "வேலைக்குப் போறவங்க வரட்டும்."