உப்பு மேட்டில் ஒரு மலை வீடு

கடல் மட்டத்தில் உட்கார்ந்துகொண்டு ஐயாயிரம் அடி உயரத்தில் குடியிருந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரை எனக்குத் தெரியும். மரக்காணத்தில் அவருக்கு ஊட்டி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்க வேண்டும். ஆனால் ரேஷன் கடைக்காரரே "ஊட்டி, பாமாயில் வந்துடுச்சு" என்றுதான் குரல் கொடுப்பார்.

இத்தனைக்கும் அவர் ஊட்டியைப் பார்த்ததே கிடையாது. அவருக்கு நிலம் இருந்தது ஏற்காட்டில். காபித் தோட்டம் ஒன்றின் பின்பக்கம், ஆடுகூடக் காலை ஊன்ற யோசிக்கும் செங்குத்துச் சரிவில் ஒரு துண்டு. எப்படிக் கிடைத்தது என்று கேட்டால், "எல்லாரும் வேணாம்னாங்க தம்பி, நான் வேணும்னேன்" என்பார். மலை என்றால் ஊட்டி, ஊட்டி என்றால் மலை என்பது எங்கள் ஊர் பூகோளம். பெயர் ஒட்டிக்கொண்டது.

தொழில், உப்பளத்தில் மேஸ்திரி. பாத்திகளுக்கு மட்டம் பார்ப்பார், வரப்பு காப்பார், ஆட்களை விரட்டுவார். மரக்காணம் உப்பளத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் தரை, அதற்கு அந்தப் பக்கமும் தரைதான். காலை வேளையில் பாத்தித் தண்ணீரில் வானம் மொத்தமும் இறங்கிப் படுத்திருக்கும். வரப்பில் நடந்தால் மேகம் நம் காலுக்குக் கீழே நகரும். வேலை முடிந்த சாயங்காலங்களில் ஊட்டி, குவித்து வைத்த உப்பு மேட்டின் உச்சியில் ஏறி மேற்கே பார்த்து உட்கார்ந்துவிடுவார். வெயில் இறங்கி உப்பெல்லாம் ரோஸ் நிறமாகும்போது, இடுப்பில் செருகிய குரங்குக் குல்லாவை எடுத்துத் தலையில் மாட்டிக்கொள்வார். சித்திரை மாதம் என்று பார்க்கமாட்டார்.

"ஏன்ணே, வேர்க்கலயா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வேர்க்குது. ஆனா இப்பவே பழகலன்னா அங்க போய் காது அடைச்சிக்கும்பா."

நான் அப்போது, அதாவது இரண்டாயிரத்து நாலில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். டெலிபோன் பூத், ஒரு பழைய கம்ப்யூட்டர், பக்கத்தில் ஊட்டியின் மனைவி அமுதா அக்காவின் வடைக் கடை. ஊரில் கம்ப்யூட்டர் இருந்த குற்றத்துக்காக, ஊட்டியின் வீட்டுக்கு பிளான் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் கட்டடம் படித்தவன் அல்ல. கல்யாணப் பத்திரிகையில் குத்துவிளக்கு வரையத் தெரியும், அவ்வளவுதான்.

"ரோடு மேல இருக்குது தம்பி. நிலம் கீழ இருக்குது. அதனால வாசல் மாடியில வரணும். மாடியில நுழைஞ்சு, படி எறங்கி, ரூம்புக்குப் போவணும். அதுக்கும் கீழ எறங்குனா சமையக்கட்டு" என்றார்.

"அப்ப மொட்டை மாடி?"

"அது வாசலுக்கு எதுக்க. வீட்டுக்கு வர்றவன் மொட்டை மாடியில செருப்ப வுட்டுட்டு உள்ள எறங்குவான்."

வடை வாங்க வந்தவர்களெல்லாம் கூடி நின்று கேட்டார்கள். மாடியில் நுழைந்து கீழே இறங்கிப் போகும் வீட்டை எங்கள் ஊரில் யாராலும் மண்டைக்குள் ஏற்ற முடியவில்லை. ஒரு பெரியவர் பிளானைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, "இப்ப சரியா இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊட்டி அசரவில்லை. சரிவில் வாழ்ந்து பழக வேண்டும் என்று, வீட்டுக் கட்டிலின் தலைமாட்டுக்குக் கீழே மும்மூன்று செங்கல் அடுக்கினார். விடியும்போது அமுதா அக்கா சுருண்டு கால்மாட்டில் கிடந்தார். அன்று காலை வடை சுட வந்தவர் கரண்டியை ஆட்டி ஆட்டிப் பேசியது பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது. "ஏன்யா, வீட்டத்தான் சரிவுல கட்டப்போற, கட்டிலையுமா எவனாவது சரிவுல போடுவான்? கட்டு, நல்லா கட்டு. கட்டி நீயே இரு. நான் இந்த ஊர வுட்டு ஒரு அடி நவுரமாட்டேன், சொல்லிட்டேன்!"

ஊட்டி சிரித்துக்கொண்டே டீயைக் குடித்தார். ஆனால் அக்கா விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் சொந்தக்காரர்கள் சேர்ந்து பஸ் பிடித்து ஏற்காட்டுக்குப் போயிருக்கிறார்கள். அங்கே ஒரு பாறையில் உட்கார்ந்து அக்கா சொன்னாராம்: "இங்கயே இருந்துடலாம் போலருக்குது." அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மனுஷர் இத்தனை வருஷம் மலையைச் சுமந்துகொண்டு திரிந்தார். வீடு அக்காவுக்கு. அக்காவோ வரமாட்டேன் என்கிறார். ஊட்டியின் வாழ்க்கைச் சிக்கல் இவ்வளவுதான், ஆனால் இது தீராத சிக்கல்.

காகிதத்தில் பார்த்தால் யாருக்கும் புரியவில்லை என்று அடுத்து அவர் செய்ததுதான் ஊர் பூராவும் பேச்சானது. உப்பளத்தில் லோடுக்குக் காத்திருந்த ஒரு பெரிய குவியலைப் பலகையால் செதுக்கிச் செதுக்கித் தன் நிலமாகவே ஆக்கிவிட்டார். மேலே ரோடு, நடுவில் தீப்பெட்டி அட்டையில் வீடு, கீழே காபித் தோட்டத்துக்குப் பதில் உப்பள வரப்போரம் பிடுங்கி நட்ட உமரிச் செடி. பனி மூடிய மலை மாதிரி அது வெள்ளையாக நின்றது. நான் சைக்கிளை நிறுத்திவிட்டு அசையாமல் பார்த்தேன். கொஞ்ச நேரம் எனக்கே குளிர்வது போலிருந்தது. ஊட்டி பக்கத்தில் வந்து ஒரு மூலையைக் காட்டி, "இந்த ஜன்னலாண்ட அவ குந்துவா. கீழ மேகம் போவும்" என்றார் மெதுவாக.

அந்த நேரம் பார்த்து உப்பள முதலாளி ஜீப்பில் வந்து இறங்கினார். "டேய், உப்ப குவிக்கச் சொன்னா ஊர் கட்டிகினு இருக்கியா? லோடு ஏத்துங்கடா!" ஆட்கள் மலையின் உச்சியிலிருந்து வெட்ட ஆரம்பித்தார்கள். ஊட்டியே பக்கத்தில் நின்று சாக்கைப் பிடித்தார். கூனிமேட்டுக் கருவாட்டு வியாபாரிக்கு அன்று போன மூட்டைகளில் ரோடும் ஹாலும் இருந்தன. சமையலறை திண்டிவனத்துக்குப் போனது.

அந்த வருஷக் கடைசியில் சுனாமி வந்தது. அதைப் பற்றித் தமாஷாக எழுத என்னால் முடியாது. ஊட்டி ஒரு வாரம் குல்லாவும் தானுமாகக் கடலோரக் குப்பங்களுக்குச் சோற்று அண்டா சுமந்தார் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. சிலர் பக்கத்தில் வந்து, "உம் மலையில ஒரு மூலை கிடைக்குமா ஊட்டி?" என்றுகூடக் கேட்டார்கள். அவர் எல்லோருக்கும் சரி என்றார். அமுதா அக்கா மட்டும் கேட்கவில்லை.

மறு வருஷம் புரட்டாசி வாக்கில், கட்டியே தீருவது என்று ஊட்டி முடிவெடுத்தார். உப்பளத்துக்காரனுக்கு லீவு என்பதே மழைக்காலத்தில்தான். உலகத்தில் எல்லாக் கொத்தனார்களும் கரண்டியை எடுத்துவைக்கும் ஐப்பசியில், மலை உச்சியில் வீடு கட்டக் கிளம்பிய ஒரே கோஷ்டி அதுவாகத்தான் இருக்கும். கூட்டிப் போன நாலு பேரும் உப்பள ஆட்கள். கடன் வாங்கிய ஸ்வெட்டர்களில் அவர்கள் பஸ் ஏறியதைப் பார்க்க ஊரே திரண்டது.

அவர்கள் போன அன்று அக்கா வடையைத் திருப்பாமல் கருகவிட்டார். நான் எட்டிப் பார்த்தேன்.

"தம்பி, உன்கிட்ட மட்டும் சொல்றேன். அன்னிக்கு ஏற்காட்டுல எனக்கு புதுச் செருப்பு. கடிச்சுக் கடிச்சு ரத்தமே வந்துடுச்சு. இவரு இன்னும் மேல ஏறணும்ன்னாரு. அதான் இங்கயே இருந்துடலாம்ன்னேன்."

"ஐயையோ அக்கா! இத அவருகிட்ட சொல்லலாமில்ல?"

"சொல்லி? அப்பறம் அந்த மனுசன் சாயங்காலத்துல உப்பு மேல குந்தி எதைப் பாப்பாரு?" என்று சொல்லி, கருகிய வடையை எடுத்து நாய்க்குப் போட்டார்.

மலையில் நடந்ததை ஆட்கள் பிற்பாடு சொன்னார்கள். உள்ளூர்க் கொத்தனார் ஒருவர் முதல்நாளே சொல்லியிருக்கிறார்: "ஐயா, மலையில தண்ணிக்கு வழி வுட்டுட்டுத்தான் மத்த வேலைங்க. மேல ஒரு வாய்க்கா எடுத்து அந்தப் பக்கமா தள்ளி வுட்டுருவோமுங்க." ஊட்டி தலையாட்டினார். ஆனால் முதல் மழை பெய்து, தண்ணீர் தன் நிலத்தின் மேல் தடதடவென்று ஓடி, அடுத்தவன் தோட்டத்தில் விழுந்ததைப் பார்த்ததும் அவருக்குத் தாங்கவில்லை. விட்ட தண்ணீரை வெயில் குடித்து முடிக்கிற வரைக்கும் பிடித்துவைப்பதுதானே உப்பளத் தொழில்? ஆயுசு முழுக்க வரப்பில் ஒரு நண்டு வளையைக் கண்டால்கூட ஓடிப் போய் அடைத்தவர் அவர்.

"கண்ணு முன்னாடி போவுதேடா! அணைங்கடா!" என்று கத்தினாராம்.

நாலு பேரும் அணைத்தார்கள். சரிவை வெட்டிச் சமதளம் எடுத்து, எங்கள் ஊர்ப் பாத்தியைப் போலவே காலால் மிதித்து மிதித்து இறுக்கி, நாலு பக்கமும் வரப்பு கட்டிவிட்டார்கள். கொத்தனார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாராம். ஏற்காட்டு மலையில் ஒரு உப்புப் பாத்தி, அதன் நடுவில் ஒரு அஸ்திவாரம்.

நிலைவாசல் வைக்க நாள் பார்த்துவிட்டு, அக்காவை அழைக்க ஊட்டி ஊருக்கு வந்தார். கையில் ஒரு முழம் மல்லி. வடைக் கடை முன்னால் நின்று, "நீ வந்து மஞ்ச குங்குமம் வெச்சாதான் வாசலு" என்றார். அக்கா மாவைப் பார்த்துக்கொண்டே, "நான் வரல" என்றார். பூ அன்று முழுக்கக் கடை ஆணியில் தொங்கியது.

அன்றிலிருந்து அடைமழை. மூன்றாம் நாள் என் பூத்துக்கு போன் வந்தது. கொத்தனார்தான். "மேஸ்திரி ஐயாகிட்ட சொல்லிருங்க. வரப்புக்குள்ள தண்ணி கொளமா நின்னு ஊறி, பாதி நிலம் அஸ்திவாரத்தோட எறங்கிப் போச்சுங்க. ஆளுங்க பத்திரமா இருக்காங்க."

நான்தான் சொன்னேன். ஊட்டி குல்லாவைக் கழற்றி என் கம்ப்யூட்டர் மேல் வைத்துவிட்டு, மழையில் இறங்கி நடந்தார். அதற்கப்புறம் பல நாள், வெறுந்தலையோடு வீட்டு வாசலில் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கேலி செய்தே வளர்ந்தவர்கள்கூட அந்தத் தெரு வழியாகப் போகச் சங்கடப்பட்டார்கள்.

கார்த்திகை முடிகிற சமயம் அக்கா என் கடைக்கு வந்து, "தம்பி, நாளைக்குக் கடைய சாத்து. அந்த எடத்த நான் பாக்கணும். இவரத் தனியா நம்பி போவ முடியாது, நீயும் வா" என்றார்.

மலைப் பாதையில் ஒவ்வொரு வளைவிலும் அக்கா எலுமிச்சம் பழத்தை மோந்துகொண்டு, டிரைவரை ஒரு முறையும் ஊட்டியை இரண்டு முறையும் திட்டினார். போய் இறங்கியபோது மழை விட்டிருந்தது. பாதி நிலத்தைக் காணோம். செம்மண் கிழிசலாகக் கீழே காபிச் செடிகள் வரை தொங்கியது. மீதிப் பாதி மட்டும், வரப்பு உடையாமல், தண்ணீர் ததும்ப நின்றது. அதில் மேகம் படுத்திருந்தது. எங்கள் ஊர்ப் பாத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து வானத்தோரம் வைத்த மாதிரி அவ்வளவு அழகாக இருந்தது.

பல நாளுக்கப்புறம் ஊட்டி வாயைத் திறந்தார். "பாத்தியா, ஒரு சொட்டு கசியல."

"இதையும் ஒடைச்சி வுட்டாத்தானுங்க மிச்சம் நிக்கும். முதல்நாளே சொன்னேன், ஐயா கேக்கலீங்க" என்றார் கொத்தனார். ஊட்டி மண்வெட்டியைக் கையில் எடுத்தார். வரப்பின் மேல் ஓங்கினார். கை இறங்கவில்லை. மறுபடி ஓங்கினார். அந்த உடம்புக்கு வரப்பை வெட்டத் தெரியவில்லை. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா புடவையைத் தூக்கிச் செருகினார். மண்வெட்டியை எடுத்து மூன்றே வெட்டு. தண்ணீர் ஒரு கணம் யோசித்துவிட்டு, சலசலவென்று சரிவில் இறங்கி ஓடியது. கடைசி மேகமும் அதோடு போய்ச் சேரும் வரை அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு திரும்பி, "யோவ், இன்னாத்துக்கு அவ்ளோ பெரிய வீடு? இந்த மிச்ச எடத்துல ஒரே ஒரு ரூம்பு போடு. ரெண்டு பேருக்கு அது போதும்" என்றார்.

ஊட்டிக்கு உடனே புரியவில்லை. "ரெண்டு பேரா?" என்றார்.

"பின்ன? நீ ஒண்டியா இங்க குளிர்ல வெறைச்சி சாவணும், நான் அங்க வடை சுட்டுகினு இருக்கணுமா?"

ஊட்டி ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அக்கா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பனி மெதுவாக ஏறி வந்தது. கொத்தனார் என்னிடம் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். ரூம்பு எழும்பும் வரை அவர்கள் கொத்தனார் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு; நான் மட்டும்தான் ஊர் திரும்ப வேண்டும். அந்த இரண்டு பேரையும் விட்டுவிட்டு மலை இறங்க எனக்கு மனசே வரவில்லை.