அறுபது கிலோ வரை மட்டும்

ஓர் அரசாங்க ஊழியரின் வால் எலும்பைப் பிசகவைத்த பெருமை எங்கள் ஊரிலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் உண்டு. அதுவும் அடித்தோ தள்ளியோ அல்ல. உட்காரச் சொல்லி உபசரித்து. நான் நர்ஸ் என்பதால், விழவைத்த கையோடு வைத்தியமும் நானே பார்த்தேன். இத்தனை வசதி ஒரே இடத்தில் யாருக்குக் கிடைக்கும்?

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. குவைத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போக ஆரம்பித்திருந்த காலம். போனவர்கள் டேப் ரெக்கார்டரும் சென்ட் பாட்டிலும் கொண்டுவந்தார்கள். நான் அறிவைக் கொண்டுவருவது என்று முடிவு செய்திருந்தேன். (யாரும் கேட்கவில்லை.)

வெள்ளிக்கிழமைகளில் அம்மா திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில் இருக்கும் டெலிபோன் பூத்துக்கு வந்து காத்திருப்பார். நான் அங்கே கூப்பிடுவேன். ஒரு மாசி மாத வெள்ளிக்கிழமை, எடுத்ததும் அழுகை.

"அப்பா நெல்ல வச்சிக்கிட்டு அஞ்சு நாளா கொள்முதல் நிலையத்துலயே கெடக்குறாரும்மா. முட்டி வீங்கிப் போச்சு. குந்தினா எந்திரிக்க முடியல, எந்திரிச்சா குந்த முடியல. ஒரு மனுசன் எத்தன நாளைக்கு நின்னுக்கிட்டே இருப்பாரு?"

அப்பா கூலிக்கு அறுத்துக்கொண்டிருந்த வயலில் நாலு மா (ஏக்கர் கணக்கில் ஒன்றேகாலுக்குக் கொஞ்சம் மேலே) அவர் பெயருக்கே பட்டாவாகி அப்போது ஆறேழு வருடம். சொந்த நெல் என்று வந்துவிட்டால் அதை அரசாங்கம் வாங்கும் களத்துக்குக் கொண்டுபோய், குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, நம் முறை வரும்வரை பக்கத்திலேயே கிடக்க வேண்டும். ஒரு நாளும் ஆகும், ஒரு வாரமும் ஆகும். நெல்லுக்காவது தார்ப்பாய் உண்டு. மனிதனுக்கு அதுவும் கிடையாது.

போனை வைப்பதற்குள் எனக்குத் தீர்வு கிடைத்துவிட்டது. மடக்கித் தோளில் மாட்டிக்கொண்டு போகிற மாதிரி லேசாக ஒரு ஸ்டூல். அப்பா உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

அடுத்த மூன்று வெள்ளிக்கிழமைகள் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு நோட்டுப் புத்தகம் வேறு. கால் எத்தனை, உயரம் எத்தனை, மடக்க எத்தனை வினாடி, முட்டி எந்தக் கோணத்தில் மடங்குகிறது என்று கோடு போட்டுக் கட்டம் கட்டமாக எழுதினேன். பதினோரு ஸ்டூல்களில் உட்கார்ந்து எழுந்தேன். என் அறைத்தோழி அன்னம்மா, கோட்டயத்துக்காரி, கூடவே வந்து கால் வலித்து, "நீ ஸ்டூல் பாக்குறியா, மாப்பிள்ளை பாக்குறியா?" என்று கேட்டாள்.

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று இரும்பு; நாலு கால், மூன்று கிலோ கனம், நூற்றிருபது கிலோ வரை தாங்கும். இன்னொன்று அலுமினியம், மூன்று கால், நீலக் கேன்வாஸ், மடக்கினால் குடை மாதிரி ஆகிவிடும். முக்கால் கிலோதான் கனம். அதன் அட்டையில் 'அறுபது கிலோ வரை மட்டும்' என்று போட்டிருந்தது.

கடைக்காரர் நல்ல மனிதர். இரும்பை எடுத்துக்கொள் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. போன விடுமுறையில் வீட்டில் எல்லோரையும் எடை பார்த்தவளாயிற்றே நான்!

"எங்க அப்பா அம்பத்திரண்டு கிலோ. எட்டு கிலோ மிச்சமே இருக்கு. எதுக்கு நூத்திருபது? எங்க அப்பாவை ரெண்டு பேராவா உக்காரவைக்கப் போறேன்?"

அன்னம்மாவிடம் இதைப் பெருமையாக வேறு திருப்பிச் சொன்னேன். படித்த பெண் அல்லவா, கணக்கு சரியாக இருந்தது. ஊர் மட்டும்தான் மறந்துபோயிருந்தது. விமானத்தில் கொண்டுபோகும் மூட்டைக்கும் எடைக் கட்டுப்பாடு இருந்ததால் அந்த அட்டையையும் கிழித்துக் குவைத்திலேயே போட்டுவிட்டு வந்தேன்.

ஐப்பசியில் விடுமுறை. குறுவை அறுத்து, முப்பது மூட்டை நெல் களத்துக்குப் போயிருந்தது. கிழக்கே கடல் பக்கம் மேகம் கட்ட ஆரம்பித்திருந்தது. மழை பிடித்துக்கொண்டால் நெல் முளைத்துவிடும். முளைத்த நெல்லை யாரும் வாங்க மாட்டார்கள், நாலு மாத உழைப்பு மண்ணோடு போகும். அப்படிப்பட்ட நேரத்தில், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, தோளில் ஸ்டூலோடு நான் களத்துக்குள் நுழைந்தேன். (அந்தக் கோலத்தில் ஒரு போட்டோ இருக்கிறது. கிழிக்க முயன்றேன், அம்மா விடவில்லை.)

டக்கென்று விரித்துப் போட்டேன். நாற்பது விவசாயிகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உக்காருங்கப்பா."

அப்பா சுற்றிவந்து பார்த்தார். கேன்வாஸைத் தட்டினார். முகமெல்லாம் பூரிப்பு. "நல்லாருக்கு பாப்பா," என்றவர், பக்கத்துக் குவியல்காரர் கலியமூர்த்தி அண்ணன் வருவதைப் பார்த்துவிட்டு, "வாங்கண்ணே, உக்காருங்க. பொண்ணு கொண்டாந்தது," என்றார்.

கலியமூர்த்தி அண்ணன் உட்கார்ந்தார். அப்பா நின்றார்.

அவர் எழுந்ததும் எங்கள் மாதா கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை வந்தார். அப்புறம் அப்பா முன்பு வேலை செய்த பண்ணைவீட்டுக் கணக்குப்பிள்ளை வந்தார். ஒரு லாரி டிரைவர், யாரென்றே தெரியாது, அவரும் உட்கார்ந்து பீடி குடித்துவிட்டுப் போனார். நாற்பது பேர் புழங்குகிற களத்தில் யாராவது வந்துகொண்டேதான் இருப்பார்கள். இரண்டு நாள். அந்த ஸ்டூலில் உட்காராதவர் அந்த வட்டாரத்திலேயே அப்பா ஒருவர்தான்.

எனக்கு வந்ததே கோபம். "யாருக்குப்பா வாங்கிட்டு வந்தேன்? ஊருக்கா?" என்று கத்திவிட்டேன்.

அப்பா முழங்காலைத் தடவிக்கொண்டே சிரித்தார். "பழகிப்போச்சு பாப்பா. யாராச்சும் வந்தா காலு தானா எந்திரிச்சிருது."

அந்தக் காலை அப்படிப் பழக்கிவிட்டவர்கள் மேல் எனக்கு இருந்த ஆத்திரத்தையெல்லாம் ஸ்டூலைப் படாரென்று மடக்கித் தீர்த்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் முற்பகல் எங்கள் முறை வந்தது. நெல்லுக்கு ஈரம் பார்த்துப் பட்டியல் போடுகிற கிளார்க் சார், மீட்டரோடு எங்கள் குவியலுக்கு வந்தார். (பெயர் வேண்டாம். ஓய்வு பெற்று நிம்மதியாக இருக்கிறார்.) நேர்மையான மனிதர், தங்கமான மனிதர், ஆனால் பெரிய மனிதர். சட்டைப் பொத்தான்கள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தன. பார்த்த மாத்திரத்தில் நர்ஸ் மூளை சொன்னது: தொண்ணூற்றைந்துக்குக் குறையாது.

அப்பா சொன்னார்: "சார், எதுக்கு குனிஞ்சிக்கிட்டு? உக்காருங்க சார். பொண்ணு வெளிநாட்டுலேருந்து கொண்டாந்தது."

மாதாவே!

"சார்... அது வந்து..."

"என்னம்மா?"

நோயாளிகளிடம் ஒரு நாளைக்குப் பத்து தடவை 'எடையைக் குறைங்க' என்று விரல் நீட்டிப் பேசியவள் நான். ஆனால் எங்கள் முப்பது மூட்டையும் அவர் கையிலிருந்த மீட்டரில் இருந்தது. 'நீங்க குண்டா இருக்கீங்க, உக்காராதீங்க' என்று அந்த நிமிடத்தில் அவரிடம் எந்த வாயால் சொல்வது?

"ஒண்ணுமில்ல சார். சும்மா உக்காருங்க."

உட்கார்ந்தார். ஸ்டூல் ஒரு தடவை முனகியது. நின்றுவிட்டது! "வெளிநாட்டுச் சாமான்னா சாமான்தான்," என்று சர்டிபிகேட்டும் கொடுத்தார். நான் மூச்சை விடவில்லை.

ஒரு பிடி நெல்லை எடுத்து மீட்டரின் சின்னக் கிண்ணத்தில் போட்டுப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "கொஞ்சம் ஈரம் தூக்கலா இருக்கே ஆரோக்கியம். காயப்போட்டு நாளைக்குப் பாத்துக்கலாமா?"

அப்பா கிழக்கே மேகத்தைப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. அதைக் கண்ட கிளார்க் சாருக்கே மனசு கேட்கவில்லை. "சரி, அடியிலேருந்து இன்னொரு புடி எடுத்துப் பாப்போம்," என்று கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் குனிந்தார்.

டிங் என்று போல்ட் பறந்தது. டர்ர்ரென்று கேன்வாஸ் கிழிந்தது. சிமென்ட் களத்தில் தொப்பென்று ஒரு சத்தம். சாரின் இரண்டு கால்களும் மேலே போய்க் குவியலை உதைத்தன. நெல் சரிந்து அவர் இடுப்பு வரை மூடியது. பாதி அறுவடைக்குள் புதைந்த நிலையிலும் அவர் முதலில் கேட்டது இதுதான்:

"கிண்ணம்... கிண்ணம் எங்க?"

கையில் இல்லை. அந்தக் கிண்ணம் இல்லாமல் மீட்டர் இல்லை. மீட்டர் இல்லாமல் களத்தில் ஒருவர் நெல்லும் எடைக்குப் போகாது. நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். கலியமூர்த்தி அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டு, "ஏம்மா ஸ்டெல்லா, எங்க மேல ஒனக்கு என்ன கோவம்?" என்றார்.

கிளார்க் சாரை நாலு பேர் தூக்கினோம். குவியலுக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்த எங்கள் தார்ப்பாயை மடித்துப் போட்டு நிழலில் குப்புறப் படுக்கவைத்தோம். ஐஸ் ஒத்தடம் கொடுக்க வேண்டும். களத்து வாசலில் குச்சி ஐஸ்காரர் நின்றிருந்தார்; எட்டு சேமியா ஐஸ் வாங்கித் துண்டில் கட்டி வைத்தேன். அதில் மூன்று ரோஸ் நிறம். அவருடைய வெள்ளை பேண்ட் என்ன ஆனது என்று நான் விவரிக்கப்போவதில்லை.

"இது எத்தன கிலோம்மா தாங்கும்?" என்று தரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அறுபது, சார். அட்டையில போட்டிருந்துச்சு."

"அட்டை எங்க?"

"குவைத்துல இருக்கு சார்."

"நான் உக்காரும்போது நீ எங்க இருந்த?"

"இங்கதான் சார் நின்னேன்."



இதற்குள் களமே எங்கள் குவியலில் இறங்கியிருந்தது. நாற்பது பேரும் நெல்லை அள்ளி அள்ளிப் பரப்பிக் காலால் துழாவிக் கிண்ணம் தேடினார்கள். உச்சி வெயில், நல்ல காற்று. முப்பது மூட்டையும் ஒரு விரல் கனத்துக்குக் களம் முழுக்க விரிந்து கிடந்தது. நடுநடுவே கிளார்க் சார், "அடிவயித்துல என்னமோ குத்துதும்மா," என்றார். வால் எலும்பு நரம்பு முன்பக்கமாகவும் வலியைப் பரப்பும் என்று நான் விளக்கினேன். மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் விளக்கினேன்.

இரண்டு மணி நேரம் கழித்து, மூத்திரம் பெய்ய வேண்டும் என்று அவர் எழுந்தார். தார்ப்பாய் மடிப்பில், சரியாக அவர் வயிறு இருந்த இடத்தில், கிண்ணம் இருந்தது.

நான் எதுவும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. நாற்பது பேர் சொன்னார்கள்.

ஆனால் பாருங்கள், இரண்டு மணி நேரம் வெயிலில் துழாவப்பட்ட நெல் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. மறுபடி பார்த்தபோது மீட்டர் சரி என்றது. உட்கார முடியாததால் கிளார்க் சார் அன்றைக்கு மேஜைப் பக்கமே போகவில்லை. தராசுக்குப் பக்கத்தில் நின்றபடியே பட்டியல் போட்டார். வேலை சரசரவென்று நடந்தது. சாயங்காலம் முதல் தூறல் விழுவதற்குள் களத்திலிருந்த நெல் மொத்தமும் கொட்டகைக்குள் போய்விட்டது.

லாரி போனது, கூட்டம் கலைந்தது. தூறல் வலுப்பதற்குள் தராசை உள்ளே தள்ள கலியமூர்த்தி அண்ணன் நின்றிருந்தார். அப்பா இரண்டு பக்கமும் பார்த்தார். வேறு யாரும் இல்லை. மெதுவாக முட்டியைப் பிடித்துக்கொண்டு தராசுப் பலகைமேல் உட்கார்ந்தார். மூன்று நாளில் முதல் தடவை.

கலியமூர்த்தி அண்ணன் விளையாட்டாகப் படிக்கல்லை நகர்த்தினார். "ஆரோக்கியம், அம்பத்தொண்ணு!"

அப்பா என்னைப் பார்த்தார். "ஒன் ஸ்டூலு என்னைத் தாங்கியிருக்கும் பாப்பா," என்றார். நான் அழுதுவிட்டேன். அந்த நேரம் பார்த்துக் கிளார்க் சார் நொண்டியபடி கதவைப் பூட்ட வந்தார். அப்பா எழுந்துவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் கதவோரம் நின்றிருந்த அப்பா, மாப்பிள்ளை உட்காரப் போகும்போது மட்டும் பதறிப்போய்க் கேட்டார்: "தம்பி, நீங்க எத்தன கிலோ?" மாப்பிள்ளை மிரண்டுபோய், "எம்பத்திநாலுங்க," என்றார். "அப்ப அந்த மரச் சேர்ல உக்காருங்க." அந்த எண்பத்திநாலைத்தான் கட்டிக்கொண்டேன். இப்போது நூற்றுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

ஸ்டூல் இன்னும் எங்கள் தஞ்சாவூர் வீட்டில் இருக்கிறது. சைக்கிள் கடை போல்ட், அம்மா சாக்கில் தைத்துப் போட்ட இருக்கை. எங்களோடு இருக்கும் அப்பா தினமும் வாசலில் அதை விரித்துப் பேப்பர் படிப்பார். ஆனால் கேட் சத்தம் கேட்டால் போதும், கால் தானாக எழுந்துகொள்ளும். பால்காரருக்கும் எழுவார், கூரியர் பையனுக்கும் எழுவார்.

அப்போதெல்லாம் உள்ளேயிருந்து என் மகள் எட்டிப் பார்ப்பாள். வந்தவரை மேலும் கீழும் அளப்பாள்.

"தாத்தா, இவரு அறுபதுக்கு மேல. குடுத்தா ஒடஞ்சிரும். நீங்களே உக்காருங்க!"

வந்தவருக்கு ஒன்றும் புரியாது. அப்பா கிளார்க் சாரை நினைத்துச் சிரித்துவிடுவார். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தும் விடுவார்.