மாஸ்டரின் வலது கால்

செரீனா காருக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். பிறகு தலையை வெளியே எடுத்துத் தகப்பனைப் பார்த்தாள்.

“அப்பா, உந்த ரெண்டாவது பிரேக் ஏன் இன்னும் கிடக்குது?”

நீக்கிலாப்பிள்ளை மாஸ்டர் ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பானரை இன்னொரு முறை துடைத்தார். ஸ்கார்பரோவில் இருபத்தேழு வருடங்களாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் அவர். அந்தப் பழைய கொரோலாவில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. மாணவர்கள் கடைச் சுவரை நோக்கிப் போகும்போது மிதிப்பதற்காகப் பூட்டியது.

“அது கிடந்தால் உனக்கென்ன பிள்ளை? ஒரு பாதுகாப்புக்கு.”

“அப்பா, இது டெமொலிஷன் டெர்பி. நாங்கள் இடிக்கத்தான் போறம்.”

டொரொண்டோவுக்கு வடக்கே, பண்ணை ஊர்களில், செப்டெம்பர் மாதக் கண்காட்சிகளில் நடக்கும் விளையாட்டு அது. ஓட்டை உடைசல் கார்களைச் சேற்று மைதானத்துக்குள் விட்டு ஒன்றையொன்று மோத வைப்பார்கள். கடைசிவரை ஓடுகிற கார்தான் வெல்லும். ‘இடிக்காதே’ என்று சொல்லியே வயிறு வளர்த்த மனிதருக்கு இதைவிடப் பெரிய பாவம் இருக்க முடியாது. அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்வதா விடுவதா என்று மாஸ்டர் உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தார்.

ஆனாலும் ஒத்துக்கொண்டார். எட்டு வருடத்துக்கு முன் செரீனாவுக்கு அவர்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஒருநாள் அவர் கத்திய கத்தலில் அவள் காரைச் சந்தியில் அப்படியே நிறுத்திவிட்டு இறங்கி, பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு இன்னொரு டிரைவிங் மாஸ்டரான அன்புராசாவிடம் படித்து லைசென்ஸ் எடுத்தாள். ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவரின் மகள் போட்டிக்காரரிடம் படித்த கதை கோயிலில் எல்லோருக்கும் தெரியும். அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து தன் காரில் அவள் அவரை ஏற்றாததைத்தான் தாங்க முடியவில்லை. பிக்கரிங்கில் இருக்கும் தன் வீட்டிலிருந்து வருவாள், தாயைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போவாள். மாஸ்டர் பின்னால் தன்னுடைய காரில் தனியாகப் போவார்.

இந்தக் கோடையில் அவளாகவே வந்து கேட்டாள். குடும்பச் சுற்று ஒன்று இருக்கிறதாம். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு பேர் காரில் இருக்க வேண்டுமாம்.

“நான் கார் ஓடுறன். நீங்கள் பக்கத்திலை இருக்கிறீங்களோ அப்பா?”

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் கண்டிசன் வந்தது. பிரேக்கை மிதித்தாலோ கத்தினாலோ, இனி ஒருநாளும் அவரை ஏற்ற மாட்டாள்.

“மிதிக்க மாட்டன் எண்டு சொன்னனான்தானே,” என்றார் இப்போது.

“அப்ப கழட்டுங்கோ.”

“கழட்டினால் முழு பிரேக்கும் பழுதாப் போகும். வேணுமெண்டால் மரியோவைக் கேள்.”

மரியோ மெக்கானிக். மாஸ்டரிடம் படித்து லைசென்ஸ் எடுத்தவன். காருக்குக் கீழே படுத்திருந்த அவன், தகப்பன் மகள் இருவரையும் பகைக்க விரும்பாமல், அங்கிருந்தே “பாப்பம்” என்றான்.

ஞாயிறு பூசை முடிந்ததும், மூடிப்போன ஒரு கடையின் வெறும் பார்க்கிங்கில் ஒத்திகை நடந்தது. இடிப்பதற்கு ஒரு பழைய மெத்தையை நிமிர்த்தி வைத்தார்கள். செரீனா அதை நோக்கிக் காரை விரட்டினாள். மெத்தைக்கு இரண்டு அடி முன்னால் கார் கிறீச்சிட்டு நின்றது. இரண்டாம் முறையும் நின்றது. மூன்றாம் முறையும் நின்றது.

“அப்பா, அது மெத்தை.”

“திடீரெண்டு குறுக்கை வந்திட்டுது பிள்ளை.”

“அது அசையவே இல்லை.”

மாஸ்டர் தன் காலைப் பார்த்தார். அவர் மிதிக்கச் சொல்லவில்லை. கால் தன் பாட்டில் போய் மிதித்துவிடுகிறது. அவர் என்ன செய்வார்?

“சனிக்கிழமை போட்டியிலையும் மிதிச்சீங்களெண்டால் அதோடை முடிஞ்சுது,” என்றாள் செரீனா.

மாஸ்டரின் மனைவி கிளடிஸ் ஒரு வழி கண்டுபிடித்தாள். அவர் இடுப்பில் கட்டும் பழைய சாரம் ஒன்றைக் கிழித்து அவருடைய வலது காலைக் கார் சீற்றோடு சேர்த்துக் கட்டினாள். பிறகு தானே ஒரு காராக மாறி, எதிரே வேகமாக நடந்து வந்தாள். இடது கால் பாய்ந்து போய் மிதித்தது.

“வீட்டிலை ஒரு வேலைக்கும் எழும்பாத கால் உது,” என்று சொல்லிக்கொண்டே கிளடிஸ் அதையும் கட்டினாள்.

இனி வாய். கத்தாமல் இருக்க கிளடிஸ் அல்வா மாதிரிக் கிண்டும் தொதலில் ஒரு பெரிய துண்டை வாயில் அடக்கிக்கொள்வது என்று முடிவானது. அவளுடைய தொதல் இறுகிவிட்டால் ஒருவராலும் பேச முடியாது. அது பல கலியாண வீடுகளில் நிரூபிக்கப்பட்ட விஷயம்.

சனிக்கிழமை மைதானத்தில், கார்களைச் சோதிக்க வந்த பெண் குனிந்து மாஸ்டரின் கால்களைப் பார்த்தாள். தீப்பிடித்தால் இவர் எப்படி இறங்குவார் என்று கேட்டாள். மாஸ்டர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். தொதல் மேல்தட்டுப் பல்செட்டைக் கழற்றிக் கீழ்த்தட்டோடு ஒட்டிவிட்டிருந்தது. வந்த சத்தத்தைக் கேட்டு அவள் ஓரடி பின்வாங்கினாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து இரண்டு காலிலும் இருந்த கட்டுகளை வெட்டிவிட்டாள்.

அவிழ்த்துவிட்ட கால்களோடு மாஸ்டர் மாதாவை மன்றாடினார்.

கொடி விழுந்தது. ஒரு சிவப்புக் கார் பக்கவாட்டில் சீறி வந்தது. கால் போய் மிதித்தது. கொரோலா சட்டென்று நின்றது. சிவப்புக் கார் மூக்குக்கு முன்னால் கடந்துபோய் ஒரு நீலக் காரில் மோதி இரண்டும் செத்தன. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்று.

செரீனா உதட்டைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பினாள்.

இரண்டு. மூன்று. ஒவ்வொரு முறையும் கால் மிதித்தது, கார் நின்றது, குறுக்கே போன யாரோ வேறு யாரையோ இடித்தார்கள். நிமிடத்துக்கு ஒரு தரமாவது எவரையாவது தொடாவிட்டால் வெளியேற்றிவிடுவார்கள். அதற்காகச் செரீனா கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்து, கடைவாசலில் பார்க் பண்ணுவதுபோல ரிவேர்சில் போய், ஒரு காரின் முன்பக்கத்தை இடித்துவிட்டு வந்தாள். வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்த நேரத்திலும், அவள் கழுத்தைத் திருப்பிய அழகை மாஸ்டர் ரசிக்கத் தவறவில்லை.

கடைசியில் ஒரு நீளமான வான் வண்டி மட்டும் மிஞ்சியது. அது நேரே வந்தது. கால் போனது. கொரோலா நின்ற நிலையில், வான் அதன் மூக்கை உரசிக்கொண்டு போய்க் கொங்கிறீட் தடுப்பில் மோதிப் புகைந்தது. பதினொன்று.

அவர்கள் வென்றுவிட்டார்கள். கிளடிஸ் கையை உயர்த்தி யாரென்று தெரியாத பண்ணைக்காரர்களோடெல்லாம் ஆடினாள். கோப்பையை வாங்கிய செரீனாவோ காது வரை சிவந்து, தகப்பனின் முகத்தைப் பார்க்காமலே காரில் சாய்ந்து நின்றாள்.

மாஸ்டர் பல்செட்டைக் கழற்றி, சட்டைப்பையிலிருந்த லேஞ்சியால் தொதலைத் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டார்.

“பிள்ளை, நான் பொய் சொல்ல மாட்டன். மிதிச்சனான்.”

“விடுங்கோ அப்பா.”

“பதினொரு தரம். எண்ணினனான். நீ ஆசைப்பட்டுச் செய்த காரியத்தைப் பழுதாக்கிப்போட்டன். எட்டு வருசத்துக்கு முந்தியும் இப்பிடித்தான்.” அவர் தன் வலது காலை முறைத்தார். “கண்டிசன் கண்டிசன்தான். நான் மரியோவின்ரை வண்டியிலை வீட்டை போறன். நீ அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ.”

செரீனா குனிந்து தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தாள்.

காரை இழுத்துப்போகச் சங்கிலியோடு வந்த மரியோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“எந்தப் பிரேக் மாஸ்டர்? உங்கடை பக்கத்துக் கேபிளை வியாழக்கிழமையே செரீனா சொல்லிக் கழட்டிப்போட்டு, நீங்கள் மிதிக்கேக்கை வெறுமையாத் தெரியக்கூடாதெண்டு ஒரு ஸ்பிரிங் மட்டும்தான் வச்சனான். பதினொரு தரமும் பிரேக் அடிச்சது உங்கடை மகள்.”