மேஜைக்கடியில் இருந்து பார்த்தால்

பெல் அடித்தது. அடித்த மறுகணம் ஸ்பிரிங் சார் மேஜைக்கு அடியில் இருந்தார்.

எப்படிப் போனார் என்று அவரைக் கேட்டுப் பயனில்லை, அவருக்கே தெரியாது. பேனா ஒரு பக்கம், மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம். சக்கரம் வைத்த நாற்காலி பின்னால் ஓடிச் சுவரில் முட்டி நின்றது. முதுகு பிடித்துக்கொண்டது, கூடவே மூச்சும் பிடித்துக்கொண்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது.

மேஜைக்கு முன்னால் நெஞ்சு உயரத்துக்கு ஒரு மரத்தடுப்பு. அதன் அடியில் கொஞ்சம் இடைவெளி. அந்த இடைவெளியில் ஒரு ஜோடி கறுப்பு ஷூ வந்து நின்றது. புது அதிகாரியின் ஷூ. சற்று நேரம் நின்றது. மேலே "ச்சு" என்று ஒரு சத்தம். பிறகு ஷூ வந்த வழியே போய்விட்டது.

குடிநீர் அலுவலகத்தின் மீட்டர் பிரிவில் ஸ்பிரிங் சாருக்கு வேலை. வீட்டில் ஆளே இல்லாதபோது மீட்டர் மட்டும் எப்படி ஓடுகிறது என்று கேட்டு வருகிற புகார்களுக்குப் பதில் எழுதுவார். நன்றாகவே எழுதுவார். பியூன் ஃபைலைக் கொண்டுபோவார், கையெழுத்தோடு திரும்பக் கொண்டுவருவார். அதிலெல்லாம் குறையில்லை. குறை கழுத்துக்குள் இருந்தது.

கழுத்தெலும்பு தேய்ந்து தண்டுவடத்தை அழுத்துகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "மூளை போடற பிரேக் கால் வரைக்கும் போய்ச் சேரல. அதனால கால் தானாவே முடிவெடுக்குது" என்றார். இடுப்பு அதற்கும் முன்பே கெட்டிருந்தது. ஆக, திடீர்ச் சத்தம் கேட்டால் கால் துள்ளும், துள்ளியதற்கு இடுப்பு தண்டனை அனுபவிக்கும்.

வீட்டில் மனைவி சமாளித்துவிடுவாள். எந்தச் சத்தம் வந்தாலும் அதற்கு முன்னால் அவள் குரல் வரும். "என்னங்க, கதவைச் சாத்தப் போறேன்." "என்னங்க, தும்மல் வருது." அலுவலகத்தில் யார் இப்படிச் சொல்லிவிட்டுத் தும்முவார்கள்? அங்கே அவருக்கு ஸ்பிரிங் சார் என்று பெயர் வைத்ததோடு சரி.

முதுகுக்கு முட்டுக்கொடுக்க அவள் கொடுத்தனுப்பிய பழுப்பு ஸ்வெட்டர் எப்போதும் நாற்காலியில் தொங்கும். அலுவலகத்தில் வியாதி விஷயம் தெரிந்தது பக்கத்து சீட் மேடத்துக்கு மட்டும்தான். உடம்புக்கு முடியாத ஆள் என்று தெரிந்தால் வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள் என்று சொல்லி, யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று மேடத்திடம் ஸ்பிரிங் சார் சத்தியம் வாங்கியிருந்தார்.

இந்த நிலையில்தான் புது அதிகாரி வந்தார். அவரைப் பற்றி இரண்டு செய்திகள் அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டன. ஒன்று, காலில் விழுகிற ஆட்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு, பிடிக்காத ஆளை மேட்டு ஆபீசுக்குத் தூக்கி அடித்துவிடுவார். மேட்டு ஆபீஸ் குன்றின்மேல் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது, சாலையும் கிடையாது. படிக்கட்டு மட்டும்தான். ஸ்பிரிங் சாரின் இடுப்புக்கு அது தூக்குமேடை.

அப்படிப்பட்ட மனிதர் இவரைக் கூப்பிடத் தன் அறையிலிருந்து பெல் அடிக்கிறார். ஆள் வரவில்லையே என்று தானே எழுந்து வருகிறார். வந்து பார்த்தால் ஒருவன் தரையில் கிடக்கிறான். என்ன நினைப்பார்? கும்பிடு போடுகிறான் என்றுதான் நினைப்பார். ஸ்பிரிங் சாரின் கவலை இதுதான். நேரில் போய் விளக்கலாம் என்றால், முதுகு நிமிர்வதற்குள் அதிகாரி வெளியே கிளம்பிவிடுகிறார். கூன் போட்டுக்கொண்டே போய் நிற்கவும் தைரியம் வரவில்லை.

முதலில் மனைவி இடுப்புக்கு ஒரு பெல்ட் வாங்கிக் கொடுத்தாள். பலகை மாதிரி விறைப்பானது. குனியவே முடியாது என்று கடைக்காரர் சொன்னது உண்மைதான். மறுநாள் பெல் அடித்ததும் ஸ்பிரிங் சார் குனியாமல், நீட்டிய வாக்கில், வழுக்கிக்கொண்டு மேஜைக்கு அடியில் போனார். முன்பாவது தானே எழுந்திருப்பார். இப்போது பெல்ட்டைக் கழற்ற ஆள் வேண்டியிருந்தது.

ஷூ வந்தது. "இன்னிக்குமா?" என்று மேலிருந்து ஒரு குரல்.

மேடத்துக்கு மனசு கேட்கவில்லை. "இல்ல சார், இங்கதான் சார் இருக்கார்" என்றார்.

"உங்களுக்கு நல்ல மனசும்மா. எத்தனை நாளைக்குத்தான் காப்பாத்துவீங்க?"

ஷூ போய்விட்டது. மேடம் குனிந்து பார்த்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து விழித்தார்கள். மேடம் சிபாரிசு செய்தும் மனிதர் மசியவில்லை என்பது மட்டும் ஸ்பிரிங் சாருக்குப் புரிந்தது.

அடுத்து, காதில் பஞ்சு. பெல் கேட்கவில்லை, ஆகவே துள்ளவில்லை. ஆனால் அதிகாரி கூப்பிடுவது தெரிய வேண்டுமே என்று மேடம் ஸ்கேலால் அவர் விலாவில் லேசாகத் தொட்டார். லேசாகத்தான். அன்றைக்குப் போன வேகத்தில் மேஜை இழுப்பறையும் கூடவே வந்துவிட்டது. ஷூ வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றது. பெருமூச்சு பஞ்சையும் தாண்டிக் கேட்டது.

அன்று மாலை வீட்டில் அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். குன்றுக்குப் படி ஏறினால் நான் முழுசாகத் திரும்ப மாட்டேன் என்றார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பீரோவிலிருந்து ஒரு நீளமான துணியை எடுத்து வந்தாள். நாற்காலியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டால் எங்கே போவீர்கள், பார்க்கலாம் என்றாள்.

எங்கேயும் தனியாகப் போகவில்லை. நாற்காலியோடு போனார். பெல் அடித்ததும் சக்கரங்கள் மேலே, அவர் கீழே, ஸ்வெட்டர் முகத்தின்மேல்.

ஷூ வந்தது.

"நாற்காலியுமா?" என்றது குரல். திகைத்துப்போன குரல்.

ஆபீஸ் சாமானையும் உடைத்துவிட்டான் என்பது அதிகாரியின் கணக்கில் சேர்ந்துவிட்டது என்று ஸ்வெட்டருக்குள்ளிருந்தே ஸ்பிரிங் சார் முடிவு கட்டினார். தன் கதை முடிந்தது.

கடைசியில் மேடத்துக்குத்தான் யோசனை தோன்றியது. சத்தம்தானே பிரச்சினை? எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பெல்லைக் கழற்றிவிட்டு அந்த ஒயரில் ஒரு சிவப்பு பல்பை மாட்டச் சொன்னார். வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. இவ்வளவு சுலபமான விஷயத்துக்கா இத்தனை பாடு என்று ஸ்பிரிங் சாருக்கு அழுகையே வந்தது.

மறுநாள் காலை பல்பு எரிந்தது. கால் துள்ளவில்லை. இடுப்பு பிடிக்கவில்லை. அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக எழுந்தார். ஸ்வெட்டரைச் சரியாக மாட்டினார். நான் யார் காலிலும் விழுகிற ஆள் இல்லை சார் என்று தொடங்கும் பேச்சை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்.

அதற்குள் ஷூ சத்தம் கேட்டது. வழக்கம்போல அதிகாரி தானே வந்துவிட்டார். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவர். அந்த ஷூவுக்கு மேலே இருந்த முகத்தை இவ்வளவு கிட்டத்தில் இன்றைக்குத்தான் பார்த்தார். வட்டமான, சாதுவான முகம். அது மெல்ல மலர்ந்தது. ஸ்பிரிங் சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேடம் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

அதிகாரி தடுப்புக்கு மேலாகக் கையை நீட்டினார்.

"வாங்க, வாங்க, எப்ப ஜாயின் பண்ணீங்க? உங்களுக்கு முன்னாடி இந்த சீட்ல இருந்தவர் நாற்காலில இந்த ஸ்வெட்டரை மாட்டிட்டு எங்கயோ போயிடுவார், ஒரு நாள்கூட ஆளைக் கண்ணால பாத்ததில்ல, நேத்துதான் மேட்டு ஆபீசுக்குத் தூக்கி அடிச்சேன்."