ஜிங்க் மாத்திரையும் என் ஆட்டுக்குட்டியும்

எனக்குத் தலையாட்டுகிற வியாதி உண்டு. யார் எது சொன்னாலும் ஆட்டிவிடுவேன். புரிந்தாலும் ஆட்டுவேன், புரியாவிட்டாலும் ஆட்டுவேன், மனசுக்கு ஒப்பாவிட்டால் இன்னும் வேகமாக ஆட்டுவேன். அஞ்சாங்கிளாஸில் வாத்தியார் "புரிஞ்சிதா?" என்று கேட்டபோது ஆரம்பித்த பழக்கம். படிப்பு அதோடு நின்றுவிட்டது, தலை நிற்கவில்லை. (என் கல்யாணம்கூட அப்படி ஒரு ஆட்டலில் முடிவானதுதான். அது இப்போது வேண்டாம்.)

எனக்குப் பிள்ளை இல்லை. வீட்டுக்காரர் போன பிறகு புதூர்நாட்டு மலைப் பக்கம் தம்பி மகன் சேகர் வீட்டோடு இருக்கிறேன். அந்த வருஷம் மழை ஏமாற்றியதில் சாமை பாதி பதராகிவிட்டது. சேகரும் அவன் பொண்டாட்டி செல்வியும் குடகுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போனார்கள். அவர்கள் பெண் வள்ளி அப்போதுதான் பால் மறந்து கஞ்சிக்குப் பழகிக்கொண்டிருந்தாள். ஜீப்பில் ஏறிய செல்வி திரும்பவும் இறங்கி வந்து, "அத்தே, ஒன்ன நம்பித்தான் வுட்டுட்டுப் போறேன்" என்றாள். ஆட்டினேன். அந்த ஒரு ஆட்டலைத்தான் மனசறிந்து ஆட்டினேன்.

அவர்கள் போன கொஞ்ச நாளில் வள்ளிக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. நர்ஸம்மா வந்து உப்பு சர்க்கரைப் பொட்டலமும், ஒரு அட்டை ஜிங்க் மாத்திரையும் கொடுத்தார். ஒரு மாத்திரையை ஒரு ஸ்பூன் தண்ணீரில் போட்டால் தானாகக் கரையும், தினம் ஒன்று கொடுக்க வேண்டும் என்று கரைத்தே காட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "பேதி நின்னு போச்சேன்னு மாத்திரைய நிறுத்திடாதீங்க. அட்ட தீர்ற வரைக்கும் குடுக்கணும். இன்னாங்க?" என்றார்.

நன்றாகக் காதில் விழுந்தது. பலமாக ஆட்டினேன்.

இரண்டொரு நாளில் பேதி நின்றது. நானும் மாத்திரையை நிறுத்திவிட்டேன். எங்கள் வீட்டில் அப்படித்தான். நோவு போன பிறகும் பிள்ளைக்கு மருந்து கொடுத்தால், போன நோவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதாகக் கணக்கு. அது சரியா தப்பா என்று நர்ஸம்மாவிடமே கேட்டிருக்கலாம். கேட்க வாய் வேண்டுமே. மிச்ச அட்டையைச் சாமைப் பானைக்குள் செருகி வைத்தேன்.

இந்த நேரம் பார்த்து என் செவலை ஆட்டுக்குட்டிக்குக் கழிச்சல் கண்டது. மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக பஸ் இல்லை. (இருந்தாலும் ஆட்டைத் தூக்கிக்கொண்டு பத்து பேர் நடுவில் உட்கார எனக்குத் தைரியம் இல்லை.) பிள்ளைக் கழிச்சலை நிறுத்தின மாத்திரை ஆட்டுக் கழிச்சலை நிறுத்தாதா என்று யோசித்தேன். இத்தனை வயதில் எனக்கு வந்த ஒரே விஞ்ஞான யோசனை அது. அதே ஸ்பூனில் கரைத்து ஊற்றினேன்.

மாத்திரையால் நின்றதோ, தானாகவே நின்றதோ, கழிச்சல் நின்றது. ஆனால் குட்டிக்கு ருசி பிடித்துவிட்டது. விடிந்ததும் வாசலில் வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். இல்லை என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆட்டிடம்கூட. நர்ஸம்மா சொன்னபடி அட்டை தீர்கிறவரை ஒழுங்காகக் குடித்தது எங்கள் வீட்டில் அது ஒன்றுதான்.

குட்டி துள்ளியது. வள்ளி துவண்டாள்.

கஞ்சியைக் காட்டினால் முகத்தைத் திருப்பினாள். நான் அந்தப் பக்கம் போனால் மண்சுவரை நக்கினாள். வாயோரம் புண். பேதி மறுபடி வந்தது, நின்றது, வந்தது. வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் சொல்ல, தொக்கம் எடுக்கிற கிழவியிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவள் வயிற்றை நீவி எதையோ எடுத்துக் காட்டினாள். பசி மட்டும் வரவில்லை. செல்வி போனில், "நல்லா சாப்புடுதா அத்தே?" என்று கேட்பாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டுவேன். "அத்தே, லைன்ல கீறியா?" என்று சேகர் கத்துவான்.

பால்வாடியில் எடை போடுகிற நாள் வந்தது. தாய்மார்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். தராசில் வள்ளியைப் பார்த்த நர்ஸம்மாவின் முகம் மாறிவிட்டது. "ஜிங்க் மாத்திரை முழுசும் குடுத்தீங்க இல்ல?" என்றார்.

ஆட்டினேன்.

அவர் பால்வாடி டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். முழு அட்டையும் கொடுத்தும் இப்படி இளைத்தால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது, திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம், நெஞ்சு எல்லாம் பார்க்க வேண்டும், தாயை உடனே வரச்சொல்லுங்கள் என்றார். சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரைக்கும் வந்தது. சுற்றிலும் பார்த்தேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். விழுங்கிவிட்டேன்.

இதற்கிடையில் வள்ளிக்கு அன்றைய வேளைக்கென்று நர்ஸம்மா புது அட்டையைப் பிரித்தார். ஸ்பூனில் தண்ணீர் விட்டு மாத்திரையைப் போட்டார். அவ்வளவுதான். என் பின்னாலேயே வந்து வெளியே மேய்ந்துகொண்டிருந்த செவலை, கதவைத் தள்ளி, உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி, ஒரு பிள்ளையின் சுண்டல் தட்டைக் கவிழ்த்து, நர்ஸம்மாவின் மடியில் முன்காலை வைத்து, ஸ்பூனுக்கு நேராக வாயைத் திறந்தது.

"இது யார் வூட்டு ஆடு?"

ஆட்டைப் பார்த்த கண்ணெல்லாம் என் பக்கம் திரும்பியது. பிறகு ஒருத்தி சிரிக்க, பால்வாடியே சிரித்தது. நர்ஸம்மா சிரிக்கவில்லை. "ஆட்டுக்கா குடுத்தீங்க?" என்றார் மெதுவாக.

அன்றைக்கு என் தலை ஆட மறுத்தது. "ஆமாங்க. புள்ளைக்கு நிறுத்திட்டேன். ஆட்டுக்குத்தாங்க குடுத்தேன்" என்றேன். நாலு பேர் எதிரில் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

நர்ஸம்மா என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பேதியோடு பிள்ளை உடம்பில் இருக்கிற ஜிங்க் போய்விடும், அது குறைந்தால் பசி மந்தமாகும், நோவை எதிர்க்கிற தெம்பும் குறையும், வளர்த்தியும் நிற்கும், அடுத்த பேதி வராமல் காக்கத்தான் நின்ற பிறகும் கொடுக்கச் சொல்வது என்றார். வெறும் சாமைக் கஞ்சி போதாது, முட்டை, வேர்க்கடலை, பருப்பு எல்லாம் சேர்க்கச் சொன்னார். கடைசியில், "புரியலன்னா கேக்கலாங்க. நான் இன்னா கடிச்சா திம்பேன்?" என்றார்.

மறுநாள் ஜீப்பில் திருப்பத்தூர் போனோம். டாக்டரும் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். செல்வி வேலையைப் பாதியில் விட்டு வந்து சேர்ந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் குனிந்து பிள்ளையைத் தூக்கினாள். பழைய கனத்தை நினைத்துத் தூக்கியிருப்பாள் போல. வள்ளி சரேலென்று அவள் தலைக்குமேலே போய்விட்டாள். அந்தக் கை அப்படியே மேலே நின்றதை நான் பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

வள்ளி தேறிவிட்டாள். மெள்ள மெள்ளப் பசி வந்தது, புண் ஆறியது. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வரிசையில் முதல் ஆளாக நிற்கிறாள், குள்ளம் என்பதால். "எங்க வம்சமே குட்டைதான் அத்தே" என்கிறான் சேகர். இருக்கலாம். எனக்கென்னவோ மனசு ஒப்பவில்லை. ஆனாலும் தலையை ஆட்டிவைப்பேன்.

எங்கள் வீட்டில் யாருக்கு மாத்திரை வந்தாலும் சரி, சேகருக்குத் தலைவலி மாத்திரை என்றாலும், "மொதல்ல ஆட்டக் கட்டு" என்பார்கள். வள்ளிக்கு நான் ஸ்பூனில் மருந்து கொடுக்கப் போனால், "மே" என்று வாயைத் திறப்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு, காலி அட்டையை எடுத்து, எங்கேயாவது ஒன்று மிச்சம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன்.