ஐயையோ கழற்றிய டிஸ்க்

ஜவ்வாது மலையில் கரடியைப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் பயம் என்பதை முழு உருவத்தில் பார்க்க ஐயையோவைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

புதூர்நாட்டில் நான் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த சின்ன ஆஸ்பத்திரிக்கு, கம்ப்யூட்டர் பழுது பார்க்க அடிவாரத்திலிருந்து ஜீப்பில் வருவார். வளைவுக்கு ஒரு ‘ஐயையோ’ போடுவதால் அந்தப் பெயர். ஜீப்புக்குள்ளேயே ஹெல்மெட் மாட்டியிருப்பார். பிரிண்டரில் பேப்பர் சிக்கினால்கூட, ஓட வசதியாக வாசற்கதவைத் திறந்துவைத்த பிறகே கிட்டே போவார்.

ஒரு மழைக்காலக் காலையில் சர்வர் பெட்டி கூவ ஆரம்பித்தது. உள்ளே இரண்டு டிஸ்க்குகள். ஒன்றில் பதிவது அப்படியே மற்றதிலும் பதியும். அதில் ஒன்று செத்துவிட்டது. மலை ஜனங்களின் எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் மிச்சமிருந்த ஒன்றில்தான். தனியாகப் பிரதி எடுக்கும் பெட்டியை முந்தின வாரமே இடி தின்றிருந்தது.

ஐயையோ புது டிஸ்க்கோடு வந்து பெட்டி முன் நின்றார். நகரவில்லை.

“இன்னா சார், கழட்டுங்க” என்றார் மல்லிகா சிஸ்டர்.

“ஒண்ணாம் நம்பர் போச்சுன்னு காட்டுதும்மா. அது சைபர்லேர்ந்து எண்ணுதா, ஒண்ணுலேர்ந்து எண்ணுதான்னு தெரியலியே! நல்லதை உருவிட்டேன்னா எல்லாம் போச்சு.”

“அப்போ நிறுத்திட்டுப் பாருங்க.”

“ஐயையோ! நிறுத்தினா நல்லதும் எழுந்திருக்காம போய்ட்டா?”

சிரிக்க வந்த சிஸ்டர் வாயை மூடிக்கொண்டார். வெளியே பெஞ்சில், போன வருஷத்து எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டுப் பார்க்க, இருமிக்கொண்டு ஒரு பெரியவர் காத்திருந்தார்.

திடீரென்று ஐயையோ என் பக்கம் திரும்பினார். “தம்பி, பழைய எக்ஸ்ரேயா ஒண்ணு மாத்தி ஒண்ணு திறந்துக்கினே இருங்க. உயிரோட இருக்கறது லைட்டு மினுக்கும்.”

திறந்தேன். இடது டிஸ்க்கின் விளக்கு படபடத்தது. வலது அசையவில்லை. “இன்னும்... இன்னும்...” என்று நெடுநேரம் திறக்க வைத்தார். பிறகு கண்களை இறுக மூடி வலதுபக்க டிஸ்க்கை உருவினார்.

“தம்பி, படம் வருதா?”

“வருது சார்!”

“ஐயையோ” என்றார், முதன்முறையாகச் சந்தோஷத்தில்.

புதியதை மாட்டியதும் பழையதிலிருந்து எல்லாம் நகலாகத் தொடங்கியது. பாதியில் கரண்ட் போனது. யு.பி.எஸ். பீப் பீப் என்றது. காய்ச்சல் குழந்தையின் நெற்றியில் வைப்பதுபோல அதன்மேல் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஜெனரேட்டர் பிடிக்கும்வரை கையை எடுக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை.

சாயங்காலம் இரண்டு விளக்குகளும் பச்சையாயின. பெரியவர் எப்போதோ எக்ஸ்ரே பார்த்து, மருந்து வாங்கிப் போயிருந்தார். அதைச் சொல்லலாமென்று திரும்பினால், ஐயையோ நாற்காலியிலேயே வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் பயமே இல்லை. வேறு யாரோ மாதிரி இருந்தார்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. டிரைவர் ஹாரனில் கை வைக்கப்போனார். நான் மழையில் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.